கீழ் வரிசை, இடமிருந்து ஆறாவது

தயாளன் கல்யாணத்துக்குப் பதினாறுக்கு எட்டு.
கொருக்குப்பேட்டை கேட்டுக்கு இந்தப் பக்கம்
டிரான்ஸ்ஃபார்மரை மறைத்துக் கட்டினோம்.
மாப்பிள்ளை பெண்ணைவிட
எங்கள் தலைகள்தான் அதிகம்: பத்தொன்பது.
ஆளுக்கு முந்நூறு ரூபாய்.
கறுப்புக் கண்ணாடி என்னுடையதல்ல,
டில்லிபாபுவினுடையது.
ஒரே கண்ணாடியை ஏழு பேர்
மாற்றி மாற்றிப் போட்டுப் படமெடுத்தோம்.

தண்டையார்பேட்டைக் கடையில்
மவுஸைப் பிடித்தபடி பையன் கேட்டான்:
"இந்த அண்ணன எங்க வெக்கிறது?"
அதுவரை யாரும்
என்னைப் பற்றி அப்படிக் கேட்டதில்லை.

கீழே பெயர்: 'ஹார்பர்' தேசா.
துறைமுகத்தில் நான் வேலை பார்த்தது பதினொரு நாள்,
லாரிக்குக் கிளீனராக.
ரேஷன் கார்டில் தேசப்பன் என்று இருப்பவனுக்கு
அந்தப் பதினொரு நாளில்
ஒரு கப்பலே வாய்த்துவிட்டது.

எதிரே டீக்கடை.
டீ ஆறும்வரை என்னையே பார்ப்பேன்.
கூட்ஸுக்குக் கேட் போட்டால் இன்னும் நல்லது;
பைக்கில் நிற்பவர்கள் வேறு எங்கே பார்ப்பார்கள்?
சம்பளம் கேட்கும்போது தழையும் குரல்
அந்த ஒரு வாரம் தழையவில்லை.
சூப்பர்வைசரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

பிறகு அந்த மே மாதம்.
சந்து முனையில்
சாப்பாடு கொண்டுவந்த ஒரு பையன்
மோசஸ் வண்டியில் இடித்துவிட்டான்.
சைடு கண்ணாடி மட்டும்தான் உடைந்தது.
பதினெட்டு பேர்.
நான் அவன் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்,
உள்ளே குழம்பு கொட்டிவிடக் கூடாது என்று.
இதை வீரம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.
'நிறுத்துங்கடா' என்றுகூட நான் சொல்லவில்லை.
கை நீட்டவில்லை, அவ்வளவுதான்.
அதைப் பார்த்திருக்கிறார்கள்.

யாரும் சண்டைக்கு வரவில்லை.
'இன்னா தேசா' நிற்கவும் இல்லை,
கொஞ்சம் மெல்லிசானது.
ஏகாம்பரம் மகள் காதுகுத்துக்கு
என்னிடம் முந்நூறு கேட்கவில்லை.
பேனரை எண்ணினேன். பதினெட்டு.
திரும்ப எண்ணினேன், மேலிருந்து.
மூன்றாம் தடவை விரலை நீட்டி,
ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை மாதிரி.
இடமிருந்து ஆறாவதில் ஒரு ரோஜாப்பூ.
நல்ல பூதான்.

ராத்திரி கண்ணாடியில் பார்த்தேன்.
அதே மூக்கு, அதே தழும்பு.
பக்கத்தில் தலை எதுவும் இல்லாததால்
பெரிதா சிறிதா தெரியவில்லை.
சுகந்தி புரண்டு படுத்தாள்.
"உம் மூஞ்சிய நான் தெனம் பாக்கறேன்.
எத்தினி அடி வோணும் ஒனக்கு?"
சிரிப்பு வந்தது. போதவில்லை.

சொல்ல வந்தது இதைத்தான்:
அன்றைக்கு ஒரே ஒரு அடி,
முதுகில், வலிக்காத மாதிரி,
அடித்திருக்கலாமே என்று
விடியும்வரை நினைத்துக்கொண்டு கிடந்தேன்.
அந்தப் பையன் முகம் நினைவில் இல்லை.
ரோஜாவுக்கு எத்தனை இதழ் என்று கேளுங்கள், சொல்வேன்.

இப்போது மணலியில் கன்டெய்னர் யார்டு.
தேசப்பன் என்றே கூப்பிடுகிறார்கள்.
முதல் இரண்டு மாதம் திரும்பிப் பார்க்கவில்லை,
வேறு யாரையோ என்று.
மதியம் நாலு பேர் டிபன் பாக்ஸைத் திறக்கிறோம்.
எனக்குக் கத்தரிக்காய் ஆகாது என்பது
அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.
அதற்குப் போய் இவ்வளவு சந்தோஷப்படுகிறேனே என்று
கொஞ்சம் வெட்கம்.

போன ஞாயிறு காசிமேடு.
ஐஸ் பெட்டிக்கு மேல் வெயிலுக்கு ஒரு ஃப்ளெக்ஸ்,
தலைகீழாக. தயாளன் கல்யாணம்.
மாப்பிள்ளை பெண்ணைக் காணோம்,
அந்தத் துண்டு யார் கூரைக்குப் போயிற்றோ.
எங்கள் வரிசை மட்டும்,
செதில் ஒட்டி, பல்லைக் காட்டிக்கொண்டு.

சங்கரா அரைக் கிலோ நிறுத்தபடி
அந்த அம்மா மேலே பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"இது நீயா?"
"அது நாங்க" என்றேன்.
"அது தெர்து. நீ எது?"

கை தானாகப் போனது,
எண்ணாமல்.