காற்று பார்த்து வைத்த தேதி

வருகிறவர்கள் பூனாக்காரர்கள்.
பேட்டரிக்கு மூடி செய்கிறவர்கள்.
நாற்பது ஏக்கர், ஆயிரத்து இருநூறு பேருக்கு வேலை
என்று கடிதத்தில் ஒரு வரி.
அந்த வரிக்கு மட்டும் மஞ்சள் அடித்து
மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார்
எங்கள் இணை இயக்குநர்.

தேதி குறிக்கிற வேலை எனக்கு.

பஞ்சாங்கம் பார்க்கவில்லை.
தேவனாம்பட்டினத்து அஞ்சாப்புலிக்குப் போன் போட்டேன்.
அண்ணே, சிப்காட் வாடை
ரோட்டுக்கு வராத நேரம் எது?

"எந்த வாடையக் கேக்குற பாப்பா,
காத்தா, நாத்தமா?"

இரண்டும்தான் என்றேன்.

"வெடியக்காலத்துல கரைக்காத்து கடலுக்குப் போவும்.
பத்து மணிக்குள்ள இட்டுகினு போயிடு.
கொண்டல் திரும்பிச்சுன்னா
நான் பொறுப்பில்ல."

நிகழ்ச்சி நிரலில் இப்படி வந்தது:
நிலப் பார்வை, காலை எட்டே கால்.
அடைப்புக்குள், வெயிலுக்கு முன்.

கையேடு எழுதியதும் நான்தான்.
ஐம்பது நிமிடத்தில் புதுவை விமான நிலையம்.
'ஞாயிறு மாலை தவிர' என்றிருந்ததை
அடித்துவிட்டார்கள்.
புயல் என்ற சொல் வரக் கூடாது என்றார்கள்,
'பேரிடரில் தேர்ந்த நிர்வாகம்' என்று எழுதினேன்.
பாராட்டு கிடைத்தது.

'திறன்மிகு பணியாளர்கள் ஏராளம்.'
இந்த இடத்தில் மட்டும்
பேனா கொஞ்சம் நின்றது.
என்னோடு மெக்கானிக்கல் படித்த அறுபத்திரண்டு பேரில்
ஊரில் இருப்பது நானும்
அப்பாவின் பெயிண்ட் கடையில் உட்கார்ந்துவிட்ட
குலோத்துங்கனும்.
மற்றவர்கள் ஓசூர், ஒரகடம், தோஹா.
ஏராளம்தான்.
எங்கே என்று எழுதவில்லை.

மூன்று வண்டி வந்தது.
காற்று சொன்ன சொல் காத்தது.
தண்ணீர் எத்தனை அடியில், உப்பா,
மின்சாரம் எந்தத் துணைமின் நிலையம்,
துறைமுகத்தில் ஆழம் எவ்வளவு.
எல்லாவற்றுக்கும் பக்க எண் சொன்னேன்.

வரப்பில் தனியாக நின்ற ஒருத்தி,
வைதேகி குல்கர்னி, வெல்டிங் பிரிவு,
ஷூவிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே கேட்டாள்:
"ராத்திரி ஷிப்ட் முடிந்து பதினொரு மணிக்கு
ஒரு பெண் இங்கே எங்கே சாப்பிடுவாள்?"

அறுபத்து நான்கு பக்கக் கையேடு.

"பாண்டிச்சேரி பக்கத்தில்தான் மேடம்"
என்றார் இணை இயக்குநர்.
பள்ளிக்கூடம் கேட்டாலும் காபி கேட்டாலும்
அதுதான் எங்கள் பதில்.

நான் சொன்னேன்,
மஞ்சக்குப்பத்தில் சலாவுதீன் பரோட்டாக் கடை.
பெரிய ஆஸ்பத்திரி நர்சுகள் வருவார்கள்.
உள்ளே இரண்டாவது மேசை அவர்களுக்கு,
ஓடுகிற ஃபேன் அதற்கு மேலேதான்.
பன்னிரண்டரை வரை அடுப்பு எரியும்.
நான் தனியாகப் போவேன்.

அவள் குறித்துக்கொண்டாள்.
அன்று காலை அவள் நோட்டைத் திறந்தது
அப்போதுதான்.

ஒன்பது ஐம்பதுக்கே திரும்பிவிட்டது கொண்டல்.

அழுகிய முட்டைக்கோஸும் நெயில் பாலிஷும்
கலந்தது போல ஒன்று
வேலிக்காத்தான் முள்ளைத் தாண்டி வந்து
எங்கள் நடுவில் நின்றது.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
"கடல் காற்று" என்றார் இணை இயக்குநர்,
கைக்குட்டைக்கு உள்ளிருந்து.

வைதேகி முகத்தைத் தூக்கி
நன்றாகவே ஒரு மூச்சு இழுத்தாள்.
"நான் ரோஹாவில் பிறந்தவள்.
வாடையை வைத்தே எங்கள் அப்பா
எந்தக் கம்பெனி என்று சொல்வார்.
இது தெரிந்துதான் வந்தோம்.
அளக்கிற கருவி எங்கே வைத்திருக்கிறீர்கள்?
அந்தக் கணக்கை யார் வேண்டுமானாலும் பார்க்கலாமா?"

அதற்கும் பக்கம் இல்லை.
இந்த முறை
எனக்கும் பதில் இல்லை.

நான்கு மாதம் ஆகிறது.
மஞ்சள் வரி கண்ணாடிக்கு அடியில்
வெளுத்துக்கொண்டிருக்கிறது.
"வந்தாங்களா உன் ஆளுங்க?" என்று
மத்தி விலை சொல்ல வரும்போதெல்லாம்
அஞ்சாப்புலி கேட்கிறார்.

நேற்று ராத்திரி பூனா எண்ணிலிருந்து ஒரு செய்தி.
நிலத்தைப் பற்றி ஒன்றுமில்லை.
சலாவுதீன் கடை
ஞாயிற்றுக்கிழமை உண்டா?

உண்டு என்று தட்டினேன்.
அழித்தேன்.
ஞாயிறு லீவு, என்று அனுப்பினேன்.

இரண்டு நீலக் கோடு.
இதுவரை
அவ்வளவுதான்.