நாற்பத்தெட்டில் இருபத்தொன்பது

பஞ்சிகாவத்தையில் பொழுது விடிவது
இரும்புக் கதவுகள் ஏறும் சத்தத்தில்.
மேசைமேல் ஒரு வெசலின் பட்டரி
மூடி கழற்றிக் கிடக்கிறது.
நாற்பத்தெட்டு செல்.
கார்க்காரருக்கு இது செத்த சாமான்,
புதிது போட்டுக்கொண்டு போய்விட்டார்.
எனக்கு விசாரணை இன்னும் முடியவில்லை.

மீட்டரின் இரு முனையையும் வைத்து
ஒவ்வொன்றாய்க் கேட்கிறேன்.
மூன்று தசம் ஆறு: இருக்கிறாய்.
மூன்று தசம் ஐந்து: நீயும்.
பூச்சியம் தசம் நாலு:
போனவன் போனவன்தான்.
ஒன்று பூரிபோல் உப்பியிருந்தது.
பஸ்லூன் நானா அதைக் குறட்டால் எடுத்து
மணல் வாளிக்குள் புதைத்தார்.
"நல்லா உழைச்சவன்" என்றார்.

கிழிந்த ஒன்றினுள்ளே சுருண்டிருந்த கறுப்பு
காரீயம் என்றால்
லொறிக்கார சுமணபால நம்பவில்லை.
கேகாலைப் பக்கத்துச் சுரங்கத்திலிருந்து
வாரம் இருமுறை மூட்டை ஏற்றித்
துறைமுகத்துக்குப் போகிறவன் அவன்.
"நான் கொண்டு போனதா?"
யாருக்குத் தெரியும்.
கிலோக் கணக்கில் போனது கப்பலில்,
லீசிங் கணக்கில் வந்தது காரில்.
அவன் நகக்கண்ணிலும் என் நகக்கண்ணிலும்
ஒரே கறுப்பு,
சன்லைட் போட்டும் போகாதது.

கொட்டாஞ்சேனை யோகராணிக்கு
மூன்று ஜூக்கி மெஷின்,
கூரையில் எட்டுப் பனல்.
ஞாயிற்றுக்கிழமை அவவின் போனுக்கு மெசேஜ்:
மத்தியானம் சோலரை நிறுத்தி உதவவும்.
வெயில் மிஞ்சிப் போனதாம்.
"பின்னேரம் டீசல் எரிக்கினம்,
பன்னிரண்டு மணிக்கு வெயிலைக் கொட்டினம்,
சோத்துப்பானைக்கு மூடியில்லாத வீடோ இது?"
கேட்டுவிட்டு
ஐயாயிரம் முற்பணம் எண்ணி வைத்தா.

மூடிதான் செய்கிறேன்.
இரண்டு வரிசை, வரிசைக்குப் பதினாலு.
பெரிதாக ஒன்றுமில்லை,
இருட்டிய பிறகு இரண்டு மணித்தியாலம்,
சட்டைக் கைகளாவது தைத்து முடியும்.
மிஞ்சிய ஒன்றில்
இந்த மேசை ரேடியோ ஓடுகிறது.
நாட்டின் வளர்ச்சி நூற்றுக்கு இவ்வளவு என்கிறது.
அதை எந்த முனையில் வைத்து அளப்பது
என்று தெரியாமல்
சத்தத்தைக் குறைத்தேன்.

பத்தொன்பது பேர் யூரியாப் பைக்குள்.
பழைய இரும்புக்காரன் தொடமாட்டான்.
மாநகரசபை வண்டி தொடவே கூடாது.
செய்த நாடு திருப்பி எடுக்காது.
பின்சுவருக்கு அப்பால்
செபஸ்தியான் கால்வாய்க்குப் போகும் கான்
போன மழையில் கடைக்குள் ஏறியது,
இந்த மேசையின் முதல் தட்டு வரை.

மருதானைப் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது.
பையைத் தூக்கி
இரண்டாம் தட்டில் வைக்கிறேன்.