பன்னிரண்டாம் தடம்

டுலூத்தில் அந்தப் பிப்ரவரி
ஏரி கரையோரமெல்லாம் உறைந்து கிடந்தது.
தாதுக் கப்பல்கள் வேலையற்று நின்றன,
ஊரில் பாதிப்பேரும் அப்படியே.
எனக்கு ஒரு வேலை இருந்தது:
பௌலிங் கூடத்தில் காலணி எடுத்துக் கொடுப்பது.

முதலாளி ஹால்வருக்கு
இசையோடு பகை இல்லை, ஈரத்தோடுதான்.
"பனிச்சப்பாத்தோடு என் மரத்தரையில்
ஒரு பயல் கால்வைக்கக் கூடாது" என்றார்.
ஆகவே பாட்டுக் கேட்க வந்த முப்பத்தொரு பேருக்கும்
குதிகாலில் எண் போட்ட
சிவப்பு வெள்ளைக் காலணிகளை
நான்தான் எடுத்துத் தந்தேன்.
வாடகை வாங்கவில்லை. கணக்கு மட்டும் எழுதினேன்.

அவர்கள் நால்வர்.
சாலைப்பனியில் உப்புத் தூவிப்போகும் வண்டியின் பெயரையே
தங்களுக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள்.
உப்பு லாரி.
பாடியவள் மாரிட், பகலில் மீன் வெட்டுபவள்,
மூன்று விரல்களில் பிளாஸ்திரி.
முதல் பாட்டிலேயே மைக் செத்துப்போனது.
அவள் நிறுத்தவில்லை.
உதடு அசைவதைப் பார்த்தே கேட்டுக்கொண்டோம்.
இரண்டாம் பாட்டில் கித்தார்க் கம்பி அறுந்து
வெண்டலின் கன்னத்தில் கோடு இழுத்தது.
மூன்றாவதை இருமுறை தொடங்கினார்கள்,
இருமுறையும் தப்பாக.
"மன்னிக்கணும், இது புதுசு" என்றாள்.

எங்களுக்கும்தான்.
அதுவரை கேட்ட பாட்டெல்லாம்
வேறெங்கோ பிறந்து, குளித்து, தலைவாரி
வானொலி வழியாக வந்து சேர்ந்தவை.
இதில் எங்கள் வாடை அடித்தது,
டீசலும் ஈரக் கம்பளியும்.

பன்னிரண்டாம் தடத்தில் ஆர்வோ நியெமி.
வயது அறுபத்தெட்டு.
'என் காசு, என் தடம்' என்று நகர மறுத்துவிட்டார்.
நான்காம் பாட்டு உச்சிக்கு ஏறி
நால்வரும் சட்டென்று நிறுத்துகிற இடம்.
ஒரு மூச்சளவு மௌனம்.
அதற்குள் உருண்டு வந்தது அவர் பந்து.
பத்துக் கட்டைகளும் ஒருசேரச் சரிந்தன.

மாரிட் சிரித்தேவிட்டாள், அந்தச் சிரிப்போடே
அடுத்த அடியைப் பிடித்தாள்.
நாங்கள் போட்ட கூச்சலில்
திரும்பிப் பார்த்த ஆர்வோ
தனக்குத்தான் கைதட்டல் என்று நினைத்துத்
தொப்பியைக் கழற்றித் தலைகுனிந்தார்.
தப்பில்லை. பாதி அவருக்குத்தான்.

கொடுத்தது முப்பத்தொன்று ஜோடி.
திரும்பி வந்தது முப்பது.
நாலு டாலர் சம்பளத்தில் பிடித்தார் ஹால்வர்.
அதைவிட மலிவாய் ஒரு டிக்கெட்
நான் பிறகு வாங்கவே இல்லை.

லைல் பெட்ரிச் கோட்டுக்குள் மறைத்திருந்த டேப்பில்
எல்லாம் பதிவாகியிருந்தது.
ஒரு கேசட் பத்தாகி, பத்து நூறாகி,
பிரதிக்குப் பிரதி இரைச்சல் தடித்து
எங்கெங்கோ போய்ச் சேர்ந்தது.
நான்காம் பாட்டின் அந்த இடி எது என்று
இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.
கண்ணாடி அலமாரியைத் தள்ளிவிட்டார்களாம்.
ஏரிப்பனி பிளந்த ஓசையாம்.
நான் வாய் திறப்பதில்லை.
ஆர்வோவும் போய்ச் சேர்ந்துவிட்டார்,
அன்றைய ஸ்கோர் மட்டுமே நினைவில் வைத்திருந்தவர்.

பதினோரு வருஷம் கழித்து
மினியாபொலிஸில் பெரிய அரங்கில் பார்த்தேன்.
நல்ல ஒலி, சுத்தமான கம்பிகள்.
நான்காம் பாட்டில் அதே இடத்தில்
ஏதோ ஒரு கருவியை அழுத்தினார்கள்,
இடி சரியாக விழுந்தது.
ஆயிரம்பேர் ஆர்ப்பரித்தார்கள்.
நான் என்னையறியாமல்
பந்து எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்தேன்.

அன்றைக்கு நானும் இருந்தேன் என்பவர்கள்
இப்போது ஒரு சிற்றூர் அளவு தேறுவார்கள்.
குறை சொல்லமாட்டேன். ஆசைதானே.
ஒன்றே ஒன்று கேட்பேன்:
"காலில் என்ன போட்டிருந்தீங்க?"

பலரும் கறுப்பு பூட்ஸ் என்பார்கள்.
போன வாரம் மளிகைக் கடை வரிசையில் ஒருத்தி
கேள்வி முடியுமுன்பே சொன்னாள்:
"ஏழரை.
இடது காலில் முடிச்சு நிற்கவே இல்லை."