பதினொன்றாம் பலகை

இந்நேரம் நான் தூங்கியிருக்க வேண்டும்.
டோனட் கடைக்காரிக்கு
இரவு இரண்டு மணிக்கே விடிந்துவிடும்.
லாங் பீச் முழுக்க விழித்திருக்கும் எட்டரைக்கு
ஜன்னலில் கறுப்புத் துணி கட்டிப் படுக்கிறவள்.

கூப்பன் கொடுத்தது ஃபெட்டு.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்,
தினமும் இரண்டு மேப்பிள் பார், ஒரு கறுப்புக் காபி.
"ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம். முதுகுக்கு நல்லது."
என் முதுகு அவரிடம் எப்போது புகார் சொன்னதோ.

அலமிடோஸ் விரிகுடா. பன்னிரண்டு பலகைகள்.
ஒவ்வொன்றின் அடிவயிற்றிலும் விளக்கு:
நீலம், பச்சை, கொஞ்சம் அசிங்கமான ஊதா.
தண்ணீருக்குள் ஏதோ திருவிழா.
மேலே நாங்கள்,
யாரையும் தெரியாத கல்யாணத்துக்கு வந்தவர்கள்போல
கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்.

மாரிசெல் சொல்லித்தந்தாள்:
முழங்காலில் ஏறு, நிதானமாக எழு,
பலகையைப் பார்க்காதே, கரையைப் பார்.
கரையில் என் கணவர் வுத்தி
காருக்குள் விளக்குப் போட்டு
மாவு விலைப் பட்டியல் படித்துக்கொண்டிருந்தார்.
பார்த்தேன்.
விழுந்தேன்.

குளிர் முதலில் காதுக்குள் நுழைந்தது,
அங்கிருந்துதான் மற்ற இடங்களுக்கு ஆளனுப்பியது.
மூக்கில் உப்போடு ஏறியபோது
என் பலகையின் விளக்கு அணைந்திருந்தது.
"பதினொன்று எப்பவும் இப்படித்தான்" என்றாள்,
வேறு பலகை இல்லையென்று மன்னிப்புக் கேட்டாள்.
எனக்கு நிம்மதியாக இருந்தது.
என்னைச் சுற்றிக் கொஞ்சம் இருட்டு,
எனக்கே எனக்கென்று.

கீழ்நோக்கிய நாய் என்றாள்.
குனிந்தோம்.
கையூன்றி, எடையை முன்னால் தள்ளி, காத்திரு:
முப்பது வருஷம் மாவு பிசைந்தவளுக்கு இதுவா புதிது?
தண்ணீரும் புளித்த மாவுபோல
உள்ளங்கைக்கு அடியில் உப்பி, அடங்கி, உப்பியது.
ஒரு கடல்நாய் தலை நீட்டி
எங்களை வரிசையாகப் பார்த்துவிட்டு
இதில் நாய் எதுவும் இல்லையென்று மூழ்கிவிட்டது.

என் கால்களுக்கு நடுவே தலைகீழாக
தூரத்துத் துறைமுகம், சிவப்புப் பொட்டுகளாய்.
பக்கத்துப் பலகையில் ஃபெட்டுவும் தலைகீழ்.
"இடமிருந்து நாலாவது என் மிஷின்" என்றார்.
"இருபத்திரண்டு வருஷமா மேலேருந்து பார்க்கிற தண்ணி.
தொட்டதே இல்லை."
சொல்லிவிட்டு ஒரு கையை எடுத்தார், தொட.
அவ்வளவு பெரிய மனிதர் விழுந்தால்
பன்னிரண்டு பலகைக்கும் சேதி போகிறது.

கடைசியில் பிணம்போலக் கிடக்க வேண்டும்.
அதற்கு நீளமாக ஒரு பெயர் சொன்னாள்,
அவள் நாவிலேயே வழுக்கியது.
அதில் பாதி எங்கள் கெமர் மொழியிலும் உண்டு.
சப்.
அம்மா எதைச் சொன்னாலும் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டாள்.
சொல்லாமலே, மிதித்துவிடாமல்,
எத்தனையோ வரப்பு தாண்டி எல்லைக்கு வந்தவள்.
அப்படிக் கிடப்பதற்கு அவள் மகள்
கூப்பனோடு வந்திருக்கிறாள்.
மல்லாந்தேன்.
மேலே ஒரு விமானம், மெதுவாக,
பிறகு

கண் திறந்தபோது திருவிழா முடிந்திருந்தது.
என்மேல் கூடாரம் அளவுக்கு ஒரு துண்டு. ஃபெட்டுவுடையது.
மாரிசெல் மட்டும் தன் பலகையில் உட்கார்ந்து
என் கயிற்றை ஒரு கையில் பிடித்தபடி
உருளைக்கிழங்கு வறுவல் தின்றுகொண்டிருந்தாள்.
"மணி?"
"பத்தேகால்."
"எழுப்பியிருக்கலாமே."
"எல்லாரும் தூங்குற மாதிரிதான் கிடப்பாங்க,
தூங்கினவங்க யாருமில்லை" என்றாள்.
பொட்டலத்தை நீட்டினாள்.
எடுத்துக்கொண்டேன்.
கடல்நாயோ வேறெதுவோ
எங்களுக்குப் பக்கத்தில் மூச்சு விட்டது.

இரண்டு மணிக்குக் கடை.
முதுகு எப்படி என்றார் வுத்தி.
வலிக்கிறது என்றேன்.
எண்ணெயில் பன்னிரண்டு வட்டங்கள் மிதந்தன.
குச்சியால் ஒவ்வொன்றாய் மல்லாத்தினேன்.
பதினொன்றாவதை மட்டும்
கொஞ்சம் தாமதித்து.