பட்டியலில் நான்காவது

சபேலாவின் கணினித் திரையோரம்
மஞ்சள் தாள் ஒன்று ஒட்டியிருந்தது.
'வேலையைக் கெடுப்பவை' என்று தலைப்பு.
ஒன்று, கைபேசி.
இரண்டு, மின்னஞ்சல்.
மூன்று, திங்கட்கிழமைக் கூட்டம்.
நான்கு, ஊஷியோ.

ஊஷியோ நான்தான்.

ரிபெய்ராத் துறைமுகத்தில்
மீனவர் காப்பீட்டுச் சங்கம், இரண்டாம் மாடி.
ஜன்னலில் நவம்பர்த் தூறல்.
எங்களூரில் இதை
மழைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

நான் அவளிடம் கெட்டது எதற்கும் போனதில்லை.
காப்பி கொண்டுபோனேன், நாளுக்கு நாலு தரம்.
நம் அணி மறுபடியும் தோற்றதை,
மைத்துனன் வாங்கிய பழைய டிராக்டர்
பின்னோக்கி மட்டும் ஓடுவதைச்
சொல்லப் போனேன்.
அவள் விரல்கள் விசைப்பலகைக்கு மேல்
அப்படியே நிற்கும்,
பாறையில் இறங்கலாமா என்று பார்க்கும்
கடற்காக்கையைப் போல.

மற்ற மூன்றையும் அவள் வென்றுவிட்டாள்.
கைபேசி, குடைகளோடு குடையாக
வாசல் மூலையில் கிடந்தது.
மின்னஞ்சலுக்குப் பதினொன்று, நாலு
என இரண்டே வேளை,
ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் மாதிரி.
'தாமதம் ஏன்' என்று மேலாளர் காசில்டா
ஒன்றரை மணி நேரம் பேசிய கூட்டத்தில்
இவள் எழுந்து நின்றுகொண்டாள்.
மறுவாரம் எல்லோரும் நின்றோம்.
இருபது நிமிடத்தில் முடிந்தது.
கால் வலித்தால் கருத்து சுருங்கும் போல.

மிச்சம் நான்.

முகம் சுண்டி என் மேசைக்குத் திரும்பினேன்.
நானும் ஒரு தாள் எடுத்தேன், தலைப்புப் போட்டேன்,
ஒன்று என்று எழுதினேன்.
என்னைக் கைபேசியில் கூப்பிட ஆளில்லை.
பேச்சுக் கொடுக்க யாரும் வருவதில்லை,
நான்தானே எல்லோரிடமும் போகிறேன்.

பேனாவை வைத்துவிட்டு
இழுப்பறையைத் திறந்தேன்.

கோப்பு நூற்றுப் பதினேழு. பதினொரு வாரம்.
சிப்பி மிதவைகளுக்கு அப்பால்
'நோவா மரூஷா' கவிழ்ந்த கோப்பு.
ஒருவர் நீந்திக் கரையேறினார்.
ஒருவர் வரவில்லை.
பிளாசிதோ லெமா, வயது ஐம்பத்து மூன்று.
சனிக்கிழமைச் சீட்டில் எனக்கு எதிரே உட்காருபவர்.
கடைசி ஆட்டத்தில் ஆறு யூரோ பாக்கி.
அவர் மனைவி ஒப்தூலியா
வெள்ளிதோறும் சங்கத்துக்குப் பேசுவார்,
கோபமில்லாமல் கேட்பார்:
"ஏதாவது வந்ததா?"

ஒவ்வொரு முறையும் கோப்பைத் திறப்பேன்.
முதல் கட்டம் பெயர் கேட்கும்.
உடனே எனக்குக் காப்பி வேண்டும்.

அன்று முதல் கட்டத்தின் மேல்
அந்த வெற்றுத் தாளை வைத்து மூடினேன்.
கடைசியிலிருந்து தொடங்கினேன்.
கட்டம் பதினான்கு, மீட்கப்பட்ட பொருட்கள்:
ரப்பர் பூட்ஸ், ஒற்றை, இடது கால்,
அளவு நாற்பத்திரண்டு.
இதற்கே முக்கால் மணி.
பிறகு பதின்மூன்று, காற்றின் திசை.
பன்னிரண்டு, எஞ்சின் எண்.
எண்கள் நல்லவை. அவை யாருடைய முகமும் இல்லை.

நாலே காலுக்குச் சபேலா வந்து நின்றாள்,
கையில் இரண்டு காப்பி.
"இன்னிக்கு ஒரு தடவைகூட வரலையே,
காய்ச்சலா?"
"இருபது நிமிஷம் கொடு" என்றேன்.
வாழ்நாளில் நான் சொல்லாத வாக்கியம்.
கோப்பின் முதுகில் எண்ணைப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லாமல் எதிரே உட்கார்ந்து
படகின் சான்றிதழை எடுத்து
ஒவ்வோர் எண்ணாக வாசித்தாள். நான் தட்டினேன்.

கட்டம் ஆறு கேட்டது:
இறந்தவர் திருப்பித் தரவேண்டிய கடன் உண்டா?
இல்லை, என்று எழுதினேன்.

தாளை விலக்கினேன்.
பிளா, என்று தட்டிவிட்டு நிறுத்தினேன்.
சபேலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
சிதோ.

ஆறு பத்துக்கு அச்சு இயந்திரம்
மூன்றாம் பக்கத்தை மென்று தின்றது.
ஆறே முக்காலுக்குக்
காசில்டாவின் தட்டில் வைத்தேன்.

மறுநாள் காலை எட்டிப் பார்த்தேன்.
மஞ்சள் தாளில் என் பெயர்
அப்படியேதான் இருந்தது, நான்காவதாக.
நியாயம்தான்.
மைத்துனனின் டிராக்டர் நேற்று
முன்னோக்கி ஓடியிருக்கிறது,
சொல்லாமல் எப்படி இருப்பது.

பதினொன்று வரை பொறுத்தேன்.