சாட்சிக் கண்ணாடி

சித்திரங்கோட்டில் மதியம் ஒன்றரைக்குக்
குவாரியில் வேட்டு.
ரெஜிலாவின் அடுக்களைப் பாத்திரங்கள்
ஒருமுறை தங்களைச் சரிபார்த்துக்கொள்ளும்.

ஜன்னலின் மேல்மூலையில் புறப்பட்ட விரிசல்
சாய்வாகப் போய்
காலண்டர் ஆணியைத் தொட்டுவிட்டு
உத்தரத்துக்கு ஏறியிருக்கிறது.
குறுக்கே சிமென்ட் வைத்து ஒட்டிய
விரல்நீளக் கண்ணாடித் துண்டு.
பக்கத்தில் பெயின்டில் தேதி.
"கண்ணாடி பொட்டினா
சுவரு இன்னும் அனங்குதுண்ணு அர்த்தமாக்கும்"
என்று இஞ்சினியர் சொல்லிப் போனாராம்.

"நீ விரிசலுக்காக்கும் படிக்கிய?
கம்ப்யூட்டருல போட்டுப் பாரு மக்கா.
குவாரிதாண்ணு அது எழுதித் தருமா?
பதினெட்டாந்தேதி கேஸு."

நாகர்கோவில் ஆய்வுக்கூடத்தில்
அவள் சுவரை நாற்பதாயிரம் முக்கோணங்களாக அரிந்தேன்.
செங்கலுக்கு ஓர் எண், காரைக்கு ஓர் எண்.
வேட்டின் எண்ணைக் குவாரி தரவில்லை,
நானே வைத்தேன்.
விடிய விடிய ஓடியது.
காலையில் சுவர் முழுசாய் நின்றது.

குறையே இல்லாத பொருளுக்கு
எங்கே உடைவதென்று தெரியாது.
முதல் கீறலை யாராவது கொடுக்கணும்.
கொடுத்தேன், இரண்டு மில்லிமீட்டர்.

பிறகு அது ஓடிய ஓட்டம்!
ஆனால் என் முக்கோணங்களின் விளிம்பு பிடித்தே,
போட்ட வெட்டிலேயே ரப்பர்பால் இறங்குவதுபோல.
முக்கோணங்களைத் திருப்பி வைத்தேன்.
விரிசலும் திரும்பிக்கொண்டது.

கோட்டைக் கைவிட்டேன்.
ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு உடைந்ததென்று
பூஜ்ஜியத்திலிருந்து ஒன்றுவரை ஓர் எண்.
விரிசல் இப்போது மங்கலான ஒரு பட்டை.
ஆறு நாள் கேட்டது கணக்கு,
மின்வெட்டில் இரண்டுமுறை செத்தது.
ஆணியைச் சொல்லாதபோது நேரே போனது.
சொன்னேன்,
தேடிப்போய்த் தொட்டது.

அன்று சாயங்காலம் சந்தோஷமாகச் சாயா குடித்தேன்.

ராத்திரி, சும்மா ஒரு பயத்துக்கு,
வேட்டை எடுத்துவிட்டு
அஸ்திவாரத்தை அரை அங்குலம் இறக்கினேன்.
அதே மூலை.
அதே ஆணி.

இரண்டு படத்தையும் கொண்டுபோனேன்.
எது குவாரி, எது மண் என்று
பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தேன்.
ரெஜிலா பின்பக்கம் பார்க்கவில்லை.

"இது எத்தன மணிக்குப் பொட்டினதுண்ணு
இதுல உண்டா?"

இல்லை.

அவள் படங்களை மிக்சிக்கு அடியில் வைத்தாள்.
மணி ஒன்று இருபது.
கண்ணாடித் துண்டுக்கு எதிரே
முன்னமே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தாள்,
அதன்மேல் அரிசிச் செம்பில் சாய்த்த போன்,
வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.
"கொஞ்சம் தள்ளி நில்லு" என்றாள்.
"ஒன் நெழலு விழுது."