கொஞ்சுந்தீவோ

பிராஸ் பாசாவில் மூன்றாம் மாடி,
செவ்வாய் இரவு ஏழரை மணி வகுப்பு.
வினைச்சொல்லின் ஒரு வடிவத்துக்கு
ஒர்னெல்லா பலகையில் பெயர் எழுதுகிறாள்.
கொஞ்சுந்தீவோ என்று
என் நோட்டில் இறங்குகிறது.
தீவு, சரி.
கொஞ்சுமா, தெரியாது.

ஐயம், ஆசை, அச்சம்,
இன்னும் நடக்காதவை, நடக்கவே போகாதவை
எல்லாவற்றுக்கும் இந்த வடிவம்தானாம்.
தலையாட்டினோம்.

பிறகு ஜன்னலைக் காட்டினாள்.
விக்டோரியா ஸ்திரீட் முழுக்க மழை.
'பெங்கே பியோவா' என்றாள்:
மழை பெய்தும்.
பெய்கிறதே, பார்க்கிறோமே,
கொட்டுகிற மழைக்கு எதற்கு
ஐயத்தின் சட்டை என்றாள் ஃபரீதா,
நனைந்த காலுறையைக் கழற்றிக்கொண்டே.

மழையை யாரும் மறுக்கவில்லை.
ஒப்புக்கொள்கிறோம்,
ஒப்புக்கொண்டு
கொஞ்சம் ஓரமாக நிறுத்துகிறோம்,
மீதி வாக்கியம் கடந்துபோக வேண்டாமா?

'ஆங்கே செ' என்று தொடங்கினால் மட்டும்
மழை மழையாகவே பெய்யலாம்.
பெங்கே. எங்கே? ஆங்கே.
எனக்கு இலக்கணம் இப்படித்தான் தங்கும்.

என் மொழியில்
பெய்தும் என்றால் பெய்துவிட்டது.
பெய்தாலும் என்றால்
பெய்யலாம், பொய்க்கலாம்.
நடுவில் ஓர் ஆல் நின்று
உண்மையைப் பிரித்துக் கொடுத்துவிடும்.

வீட்டுப்பாடம்:
உங்கள் வீட்டைப் பற்றி ஐந்து வாக்கியம்,
ஐந்திலும் பெங்கே.

செங்காங், பதினான்காம் மாடி.
தயாபரனும் நானும் பிரிவதென்று
முடிவாகிப் பத்து மாதம்.
வீட்டை விற்க ஐந்தாண்டு நிறைய வேண்டும்,
பதினேழு மாதம் பாக்கி.
ஃப்ரிட்ஜில் மேல்தட்டு அவன், கீழ்த்தட்டு நான்.
ஒற்றைப்படைத் தேதிகளில்
சலவை இயந்திரம் எனக்கு.
போன வியாழன் பெய்த பெருமழையில்
மூங்கில் கழியோடு என் துணிகளையும்
உள்ளே இழுத்துப் போட்டிருந்தான்.
மடிக்கவில்லை.

அவன் இங்கே இருந்தும் என்று எழுதினேன்,
வினை முகம் மாறிற்று.
நான் தூங்காதிருந்தும்,
அதற்கும் மாறிற்று.
அவர்களுக்கு, உனக்கு, அந்த மழைக்கு,
எல்லாருக்கும் மாறுகிறது.

நாலாவது, சேர்ந்து வாழ்ந்தும்.
'பெங்கே வீவியாமோ.'
மாறவில்லை.
தப்போ என்று அட்டவணையைப் புரட்டினேன்.
நிகழ்காலத்தில் தன்மைப் பன்மைக்கு மட்டும்
நிஜத்துக்கும் ஐயத்துக்கும் ஒரே வடிவம்,
எந்த வினையானாலும்.
வாழ்கிறோமா, வாழ்வதாக வைத்துக்கொள்கிறோமா,
எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

வீவி, யாமோ.
அந்தக் கடைசி அசையை
வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன்.
பக்கத்து அறையில்
மின்விசிறியை அவன் ஒரு படி கூட்டினான்.

ஐந்தாவதாக,
யாருக்கென்று இன்னும் முடிவாகாத
மீன்தொட்டியைப் பற்றி
ஏதோ எழுதி முடித்தேன்.